பாரசீகச் சமையலில் நீரும் நெருப்பும்

ஆட்டின் முதுகுச் சதையை மெல்லிய துண்டுகளாக்கித் தணலின் மேல் காட்டினால் பத்து நிமிடங்களில் பதமாக வெந்துவிடும். அதே ஆட்டின் கால் சதையை அதே தணலில் அதே நேரம் காட்டினால் பல்லால் கடிக்க முடியாது. கால் சதையை நீரில் இட்டு மூன்று மணி நேரம் மெல்ல வேகவைத்தால் தொட்டவுடன் பிரிந்து வரும். முதுகுச் சதையை அப்படி மூன்று மணி நேரம் வேகவைத்தாலோ, சாறு முழுவதும் போய் வெறும் நார்தான் மிஞ்சும். விலங்கும் ஒன்று, நெருப்பும் ஒன்று. விளைவு மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை காண நாம் ஈரான் நாட்டின் அடுப்படிக்குச் செல்வோம். 1935ஆம் ஆண்டு வரை வெளிநாட்டார் அந்நாட்டைப் பாரசீகம் என்றே பெரும்பாலும் அழைத்து வந்தனர். அந்நாட்டு விருந்தில் முதலிடம் பெறுபவை மூன்று: 'செலோ' எனப்படும் உதிரியான சோறு, தணலில் சுட்ட கபாப், நெடுநேரம் கொதித்த 'கொரேஷ்த்' என்னும் கெட்டிக் குழம்பு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு நீர், எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம் என்ற கணக்கே இம்மூன்றுக்கும் அடிப்படை.

மலையின் இரு பக்கங்கள்

ஈரானின் வடக்கே காஸ்பியன் கடலை ஒட்டி அல்போர்ஸ் மலைத்தொடர் சுவர்போல நீண்டு கிடக்கிறது. கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை அது தடுத்து நிறுத்துவதால் வடசரிவில் நல்ல மழை பெய்கிறது. கிலான் மாநிலத்தின் தலைநகரான ரஷ்த்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,300 மில்லிமீட்டர் மழை உண்டு. மலைக்குத் தெற்கே உள்ள தெஹ்ரானின் பெரும்பகுதியில் அது 250 மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை.

ஆகவே கிலான், மாஸந்தரான் ஆகிய கடலோர மாநிலங்களில் நெல் விளைகிறது. அங்கு சோறு அன்றாட உணவு. மலைக்குத் தெற்கே உள்ள வறண்ட பீடபூமியிலோ கோதுமை ரொட்டிதான் அன்றாட உணவு. ஒரு காலத்தில் அங்கே சோறு விருந்தினர் வந்தாலோ பண்டிகை வந்தாலோ மட்டும் ஆக்கப்படும் அரிய பொருளாக இருந்தது. அரிய பொருளை அக்கறையோடு சமைத்ததில் வியப்பில்லை.

சோறு உதிர்வது எப்படி?

செலோ ஆக்கும் முறையைப் பாருங்கள். நீண்ட அரிசியைப் பலமுறை கழுவி, உப்பு நீரில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஊறவைப்பார்கள். பிறகு பெரிய பாத்திரத்தில் நிறைய நீரைக் கொதிக்கவிட்டு அரிசியைப் போடுவார்கள். மணியின் ஓரம் மெத்தென்றும் நடுவே சற்று அரிசிப் பதமாகவும் இருக்கும்போது நீரை வடித்துவிடுவார்கள். அடியில் எண்ணெயோ வெண்ணெயோ விட்ட பாத்திரத்தில் அந்த அரைவேக்காட்டுச் சோற்றைக் கோபுரம்போலக் குவிப்பார்கள். கரண்டிக் காம்பினால் அதில் சில துளைகள் இடுவார்கள். மூடியைத் துணியால் சுற்றி மூடி, சிறு தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வைப்பார்கள். இதற்குத் 'தம்' என்று பெயர். பாரசீக மொழியில் இச்சொல்லுக்கு மூச்சு என்பது பொருள். நாம் 'தம் பிரியாணி' என்று சொல்லும்போது இந்தப் பாரசீகச் சொல்லைத்தான் ஆளுகிறோம்.

இனி ஒவ்வொரு படிக்கும் காரணம் காண்போம். அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அதில் அமிலோஸ், அமிலோபெக்டின் என இரு வகை மூலக்கூறுகள் உள்ளன. அமிலோஸ் நீண்ட சங்கிலி போன்றது. அமிலோபெக்டின் மரம்போலக் கிளைவிட்டது. அமிலோபெக்டின் மிகுந்த அரிசி குழைந்து ஒட்டும்; அமிலோஸ் மிகுந்தது தனித்தனியாக நிற்கும். உதிரிச் சோற்றுக்கு ஏற்ற நீண்ட அரிசிகளில் மாவுச்சத்தின் நூற்றுக்கு 20 முதல் 25 பங்கு வரை அமிலோஸ் இருப்பது வழக்கம்.

அரிசியைத் தீட்டும்போது அதன் மேல் நுண்ணிய மாவு படிகிறது. அதைப் போக்காவிட்டால் கொதிநீரில் அதுவே பசையாகிவிடும். பலமுறை கழுவுவது இதற்காகத்தான். மாவுச்சத்து ஏறத்தாழ 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் நீரை உறிஞ்சி உப்பி இளகும். ஊறாத அரிசியில், நீர் நடுப்பகுதியை அடைவதற்குள் ஓரம் குழைந்துவிடும். முன்பே ஊறவைத்தால் நீர் உள்ளே சென்று காத்திருக்கும். வெப்பம் போய்ச் சேர்ந்தவுடன் மணி முழுவதும் ஒரே சீராக வேகும், உடையாமல் நீளும்.

கொதிக்கும்போது அரிசியிலிருந்து ஓரளவு மாவுச்சத்து கரைந்து வெளிவரத்தான் செய்யும். நீர் நிறைய இருப்பதால் அது நீர்த்துப்போய், வடிக்கும்போது வெளியேறிவிடுகிறது. எஞ்சிய வேக்காடு நீராவியால் நடைபெறுகிறது. 100 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீர் ஆவியாக மாறச் சுமார் 540 கலோரி வெப்பம் தேவை. அந்த ஆவி சோற்றின் மேல் பட்டு மீண்டும் நீராகும்போது அவ்வளவு வெப்பத்தையும் சோற்றுக்குக் கொடுத்துவிடுகிறது. கரண்டிக் காம்பினால் இட்ட துளைகள் இந்த ஆவி மேலே ஏறும் வழிகள். மூடியின் அடியில் குளிர்ந்து துளியாகும் நீர் சோற்றின்மேல் விழுந்தால் மேற்பரப்பு குழையும். மூடியைச் சுற்றிய துணி அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு சாதாரணத் துணி இங்கே எவ்வளவு பெரிய வேலையைச் செய்கிறது பாருங்கள்!

அடியில் கிடைக்கும் பொன்தட்டு

பாத்திரத்தின் அடியில் சோறு மொறுமொறுப்பான தட்டாகப் பிடித்திருக்கும். இதற்குத் 'தஹ்தீக்', அதாவது பானையின் அடி என்று பெயர். நம் வீடுகளில் சோறு அடிப்பிடித்தால் கோபம் வரும். ஈரான் வீட்டில் அந்த அடிக்காகப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். சிலர் எண்ணெயின் மேல் மெல்லிய ரொட்டியையோ உருளைக்கிழங்கு வில்லைகளையோ அடுக்கி, அவற்றையே தஹ்தீக் ஆக்குவதும் உண்டு.

நீர் இருக்கும் இடத்தில் வெப்பநிலை அதன் கொதிநிலைக்கு மேல் ஏறாது. தரும் வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகிவிடும். ஆனால் பாத்திரத்தின் அடியில் ஈரம் வற்றியதும் எண்ணெய் 100 டிகிரியைத் தாண்டிச் சூடாகிறது. ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் விரைவாக இணைந்து, பொன்னிறமும் புதுப்புது மணங்களும் கொண்ட பொருள்களை உண்டாக்குகின்றன. 1912ஆம் ஆண்டில் இதை விளக்கிய பிரெஞ்சு அறிவியலறிஞர் லூயி கமில் மயாரின் பெயரால் இது மயார் வினை எனப்படுகிறது. ஆகவே ஒரே பானைக்குள் இரண்டு சமையல்கள் நடக்கின்றன: மேலே ஈர வெப்பம், அடியில் உலர் வெப்பம்.

பரிமாறும்போது சோற்றின் ஒரு பகுதிக்குக் குங்குமப்பூச் சாறு ஊற்றி மஞ்சளாக்குவார்கள். உலகில் விளையும் குங்குமப்பூவில் மிகப் பெரும்பகுதி ஈரானிலிருந்து, குறிப்பாகக் கொராசான் பகுதியிலிருந்து வருகிறது. ஒரு பூவில் மூன்று சூல்முடி இழைகளே உண்டு. ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பூக்கள் வேண்டும். அதன் நிறத்துக்குக் காரணம் குரோசின். கேரட்டின் நிறப்பொருளான கரோட்டின் எண்ணெயில்தான் கரையும். அதே குடும்பத்தைச் சேர்ந்த குரோசினோ நீரில் நன்றாகக் கரைகிறது. அதனால்தான் இழைகளைப் பொடித்து வெந்நீரில் ஊறவைக்கிறார்கள்.

வடித்த நீரோடு போவது என்ன?

நீரை வடிக்கும்போது மாவுச்சத்து மட்டும் போவதில்லை. நீரில் கரையும் பி வைட்டமின்களும், குறிப்பாக தயமின் எனப்படும் பி1, கூடவே போகின்றன. தீட்டிய அரிசியில் அது முன்பே குறைவு. தீட்டிய அரிசிச் சோற்றையே நம்பி, வேறெதுவும் உண்ணாதவர்களை பெரிபெரி என்னும் நோய் தாக்கியதை நீங்கள் பாடத்தில் படித்திருக்கலாம். இன்னொரு பக்கமும் உண்டு. சில நிலங்களில் விளையும் அரிசியில் ஆர்செனிக் என்னும் நச்சுப்பொருள் சிறிதளவு கலந்திருக்கும். நிறைய நீரில் வேகவைத்து வடித்தால் அதில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. லாபமும் நஷ்டமும் ஒரே தட்டில் இருக்கின்றன.

கிலான் மக்கள் அன்றாடம் ஆக்கும் 'கத்தே' என்னும் சோற்றில் நீரை வடிப்பதில்லை. அளவாக வைத்துச் சுண்டவிடுவார்கள். அது சற்று ஒட்டும். ஆனால் வைட்டமின் வீணாவதில்லை. செலோ உண்பவர்களுக்கு அந்தக் குறையை உடன் வரும் இறைச்சியும் பயறும் கீரையும் ஓரளவு ஈடு செய்கின்றன. வடித்த கஞ்சியைக் கொட்டாமல் குடிக்கும் நம் வழக்கமும் இழப்பைக் குறைக்கும் நல்ல வழியே.

தணலும் கம்பியும்

இனி நம் முதல் கேள்விக்கு வருவோம். இறைச்சி என்பது தசை நார்களின் கட்டு. நார்களை இணைத்துக் கட்டியிருப்பது கொலாஜன் என்னும் உறுதியான புரதம். முதுகுத்தண்டை ஒட்டிய உட்சதைக்கு உழைப்பு குறைவு. அதில் கொலாஜனும் குறைவு. நாள் முழுவதும் உடலைத் தாங்கி நடக்கும் கால்களில் அது அதிகம்.

தசை நாரின் புரதங்கள் 50 டிகிரியை ஒட்டிக் கெட்டிப்படத் தொடங்குகின்றன. 65 டிகிரியைத் தாண்டியதும் நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகின்றன. எனவே கொலாஜன் குறைந்த சதையைச் சீக்கிரம் சுட்டு எடுத்துவிட வேண்டும். 'கபாப்-எ-பர்க்' என்பது இந்த வகை. பர்க் என்றால் இலை. சதையை இலைபோல் மெல்லியதாக அரிவதால் இப்பெயர். மெல்லியதாக அரிவதிலும் ஓர் இயற்பியல் உண்டு. இறைச்சி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். துண்டின் தடிமன் இரு மடங்கானால் நடுப்பகுதி வேக ஏறத்தாழ நான்கு மடங்கு நேரம் ஆகும். அதற்குள் வெளிப்புறம் கருகிவிடும்.

கடினமான சதைக்கும் ஒரு குறுக்கு வழி கண்டிருக்கிறார்கள். அதுதான் 'கூபிதே'. இச்சொல்லுக்கு இடித்தது என்று பொருள். வெப்பத்தால் நெடுநேரம் செய்ய வேண்டியதை இங்கே இடிப்பது செய்துவிடுகிறது. கொலாஜன் கட்டுகள் அறுந்துபோகின்றன. இந்நாளில் அரவை இயந்திரம் அந்த வேலையைச் செய்கிறது. கொத்திய இறைச்சியில் துருவிய வெங்காயமும் உப்பும் சேர்த்து நெடுநேரம் பிசைவார்கள். உப்பு மயோசின் என்னும் தசைப் புரதத்தைக் கரைத்து வெளிக்கொணர்கிறது. அது பசைபோல் பிடித்து, சூடு பட்டதும் இறுகி, கலவை கம்பியிலிருந்து விழாமல் காக்கிறது. வெங்காயத்தின் நீரை முன்பே பிழிந்துவிடுவது இந்தப் பசை நெகிழாமல் இருப்பதற்காகவே. கம்பி அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால், திருப்பும்போது இறைச்சியும் உடன் திரும்புகிறது. சூடேறிய உலோகக் கம்பி உள்ளிருந்தும் வெப்பத்தைக் கடத்துகிறது.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முழுத் துண்டு இறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். கொத்தியபின் அவை உள்ளெங்கும் கலந்துவிடும். ஆகவே கூபிதேயின் நடுப்பகுதியும் 71 டிகிரி வரை சூடாக வேண்டும். இரண்டாவது, கொழுப்பு தணலில் சொட்டி எழும் புகையிலும் கருகிய இறைச்சியிலும் புற்றுநோயைத் தூண்டக்கூடிய பொருள்கள் உண்டாகின்றன. எலுமிச்சைச் சாற்றிலோ தயிரிலோ ஊறவைத்துச் சுடுவதும், தீ நாக்கு படாமல் தணலில் சுடுவதும், கருகிய பகுதியை நீக்கிவிடுவதும் நல்லது.

நெடுநேரம் கொதிக்கும் குழம்பு

கால் சதைக்கு உரிய இடம் கொரேஷ்த். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது. 70 டிகிரிக்கு மேல் ஈரத்தில் சில மணி நேரம் இருந்தால் அந்த முறுக்கு அவிழ்ந்து ஜெலாட்டின் ஆகிறது. ஜெலாட்டின் நீரைப் பிடித்துக்கொள்ளும். சதைக்கு மென்மையும் குழம்புக்குத் திட்பமும் தரும். பத்து நிமிடத் தணலில் கொலாஜன் சுருங்குமே தவிர அவிழாது. முதல் கேள்விக்கு விடை இதுதான்.

கொரேஷ்த் வகைகளில் புகழ்பெற்றது 'கொர்மே சப்ஜி'. நம் குருமாவும் இந்தக் கொர்மேயும் ஒரே மூலத்திலிருந்து வந்த சொற்கள். பார்ஸ்லி, கொத்தமல்லி, பூண்டுத்தாள் போன்ற ஒருவகைக் கீரை, சிறிதளவு வெந்தயக் கீரை ஆகியவற்றைப் பொடியாக அரிந்து, கரும்பச்சையாகும் வரை வதக்குவார்கள். ஆட்டிறைச்சியும் ராஜ்மா போன்ற சிவப்புப் பயறும், 'லிமூ அமானி' என்னும் உலர்ந்த எலுமிச்சையும் சேரும். அடுப்பிலிருந்து இறக்கும்போது குழம்பில் பசுமை இராது. பச்சையத்தின் நடுவே ஒரு மக்னீசிய அணு உண்டு. வெப்பமும் அமிலமும் அதை வெளியேற்றி ஹைடிரஜனை அமர்த்திவிடுவதால் நிறம் மங்கிய பழுப்புப் பச்சையாகிறது.

உலர்ந்த எலுமிச்சையைப் பயறு வெந்த பின்னரே போடுவது நல்லது. பயற்றின் செல்சுவர்களைப் பிணைக்கும் பெக்டின் அமிலத்தில் எளிதில் கரையாது. பருப்பு வேகும் முன் புளி சேர்த்தால் பருப்பு வேகாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதே உண்மைதான். தெஹ்ரானில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்நகரம் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். பயறு வேக ரஷ்த்தைவிட அங்கே நேரம் அதிகமாகும்.

சிவப்புப் பயற்றைப் பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உண்ணக் கூடாது. அதில் உள்ள லெக்டின் என்னும் நச்சுப் புரதம் கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். நன்கு ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது பத்து நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டால் அது அழிந்துவிடும். கொதிக்காத இளஞ்சூட்டில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் அந்தப் பாதுகாப்புக் கிடைக்காது.

'ஃபெசென்ஜான்' என்பது இன்னொரு குழம்பு. அரைத்த அக்ரூட் பருப்பும் மாதுளைச் சாற்றின் பாகும் சேர்த்து, வாத்து அல்லது கோழி இறைச்சியோடு ஆக்குவது. அக்ரூட்டின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய். மெல்லக் கொதிக்கக் கொதிக்க அது பிரிந்து மேலே மிதக்கும், அதுவே பதம். அக்ரூட் சூடு, மாதுளை குளிர்ச்சி, இரண்டும் சேர்ந்தால் சமன் என்பது ஈரானியர் நம்பிக்கை. இது இபின் சினா (980–1037) முதலிய பண்டை மருத்துவர்கள் விளக்கிய கொள்கையின் வழி வந்தது. நம் ஊரில் சொல்லும் சூடு, குளிர்ச்சியைப் போன்றது. இது வெப்பமானியால் அளக்கக்கூடிய சூடு அன்று. இன்றைய அறிவியல் இந்தப் பாகுபாட்டை ஏற்பதில்லை என்றாலும், ஒரே வகை உணவை மிகுதியாக உண்ணாமல் கலந்து உண்ணும் பழக்கத்தை அது வளர்த்திருக்கிறது.

சிலருக்கு மட்டும் ஆகாத அவரை

'பாக்காலி' என்னும் பெரிய அவரை விதையையும் சதகுப்பைக் கீரையையும் சோற்றில் கலந்து ஆக்குவது 'பாக்காலி பொலோ'. பெரும்பாலோருக்கு இது நல்ல உணவு. ஆனால் சிலர் இதை உண்ட ஓரிரு நாள்களில் முகம் வெளிறி, கண் மஞ்சளாகி, சிறுநீர் கருத்து, மயங்கி விழுவதுண்டு. காஸ்பியன் கரை மாநிலங்களில் அவரை காய்க்கும் பருவத்தில் இது நன்கு அறிமுகமான நோய்.

நம் சிவப்பணுக்களைச் சிதையாமல் காக்கும் ஒரு நொதிக்கு ஜி-6-பி-டி என்று பெயர். சிலருக்கு அது பிறவியிலேயே குறைவு. இக்குறைபாடு 1956ஆம் ஆண்டில், ஒரு மலேரியா மருந்து சிலருக்கு மட்டும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஆராய்ந்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. பாக்காலியில் உள்ள வைசின் முதலிய பொருள்கள், இக்குறை உள்ளவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடுகின்றன. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண் பிள்ளைகளிடம் இது மிகுதி. தீங்கான இந்த மரபணு மறையாமல் ஏன் நீடித்தது? அது மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. மலேரியா மிகுந்திருந்த நிலங்களில் அதை உடையவர்கள் பிழைத்து நின்றார்கள். ஒருவனுக்கு விருந்தாகும் தட்டு இன்னொருவனுக்கு உயிராபத்து ஆகலாம். அதைச் சொல்வது இரத்தப் பரிசோதனை மட்டுமே.

விரிப்பைச் சுற்றி

தரையில் 'சொஃப்ரே' என்னும் துணியை விரித்து, குடும்பம் முழுவதும் சுற்றி அமர்ந்து உண்பது பழைய வழக்கம். நடுவே சோற்றுத் தட்டு, கிண்ணத்தில் கொரேஷ்த், உடைத்த தஹ்தீக், ரொட்டி, தயிர், ஊறுகாய், பச்சை வெங்காயம், பச்சையாகவே உண்ணும் கீரைகள். கபாபின் மேல் தூவச் 'சுமாக்' என்னும் புளிப்பான சிவந்த பொடியும், உடன் சுட்ட தக்காளியும் இருக்கும். வலக்கையில் கரண்டியும் இடக்கையில் முள்கரண்டியும் கொண்டு உண்பார்கள்.

இறைச்சியில் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்கும்; கீரையிலும் பயற்றிலும் உள்ளதை அவ்வளவு எளிதில் ஏற்பதில்லை. உணவோடு சேரும் பச்சைக் கீரையின் வைட்டமின் சி அதற்குத் துணை செய்கிறது. ஆனால் விருந்து முடிந்தவுடன் வரும் கருந்தேநீரில் உள்ள டானின்கள் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தால் இழப்பு குறையும். சாப்பிட்ட கையோடு தேநீர் அருந்தும் நம் வீடுகளுக்கும், சிறப்பாக இரத்தசோகை மிகுந்த வளரிளம் பெண்களுக்கும், இது பொருந்தும்.

அரிசிக்கு முதலில் மிகுந்த நீர், பின்பு ஆவி. இளஞ்சதைக்கு நீரில்லாத கடும் வெப்பம், குறைந்த நேரம். கடுஞ்சதைக்கும் பயற்றுக்கும் நீரோடு நெடுநேரம். மூலக்கூறு என்ற சொல்லை அறியாத சமையற்காரர்கள் இந்த விதியைக் கையாலும் நாவாலும் கண்டறிந்தார்கள். விதியின் காரணத்தை வேதியியல் பின்னர் விளக்கியது. லெக்டினையும் மரபணுவையும் போலக் கையும் நாவும் காண முடியாதவற்றை ஆய்வுக்கூடம் காட்டித் தந்தது.

செய்து பாருங்கள்

1. அரிசியின் முதல் கழுநீர், நான்காம் கழுநீர், வடித்த கஞ்சி ஆகிய மூன்றையும் தனித்தனிக் குவளைகளில் எடுத்து நன்றாக ஆறவிடுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துளி டிங்சர் அயோடின் விடுங்கள். எதில் நீலம் மிகக் கருமையாக இருக்கிறது? அயோடின் கலந்த எதையும் வாயில் வைக்காதீர்கள்.

2. சம அளவு துவரம்பருப்பை இரண்டு பாத்திரங்களில், சம அளவு நீரில், பெரியவர்கள் துணையோடு வேகவையுங்கள். ஒன்றில் மட்டும் தொடக்கத்திலேயே புளிக்கரைசல் சேருங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சில பருப்புகளை எடுத்து நசுக்கிப் பார்த்துக் குறித்து வாருங்கள்.

வினாக்கள்

1. மூடியைத் துணியால் சுற்றாவிட்டால் செலோவுக்கு என்ன நேரும்? ஏன்?

2. தஹ்தீக்கில் பொன்னிறம் தோன்றுகிறது. அதற்கு மேலுள்ள சோறு வெண்மையாகவே இருக்கிறது. காரணம் என்ன?

3. கால் சதையைக் கபாப் ஆக்க வேண்டுமானால் என்ன செய்யலாம்?

4. தெஹ்ரானில் பயறு வேக நேரமாகும். பிரஷர் குக்கர் இந்தத் தொல்லையை எவ்வாறு தீர்க்கும்?